வடக்கைக் கீழே வைத்தவர்

மே பதினாலாம் திகதி, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது இருபது. துறைமுகப் பக்கத்திலிருந்து காற்றும் மழையும் சேர்ந்து வந்து நான்காம் மாடிக் கண்ணாடியில் அறைந்துகொண்டிருந்தன. பேருந்திலிருந்து இறங்கி அலுவலக வாசலை அடைவதற்குள் என் குடையில் இரண்டு கம்பிகள் முறிந்துவிட்டன. அந்த எரிச்சலோடு காற்சட்டை ஈரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்து மேசையில் வேலை செய்யும் பெண்மணியின் குரல் வந்தது.

"சார், தொடச்சது போதும். இங்க வாங்க, ஒண்ணு காட்டணும்."

போனேன். திரையில், வானிலிருந்து எடுத்த ஒரு செய்மதிப் படம். நடுவில் சிறிய வட்டம், அதன் ஒரு பக்கம் கறுப்பு.

"இது என்னது?"

"குளம். கிழக்குத் தாளில இருக்கிற குளம். நீர் வரைஞ்சது, நான் எண்ணினது. அதுக்கென்ன?"

அவர் ஒரு விசையை அழுத்தினார். படம் அப்படியே தலைகீழாகத் திரும்பியது. வடக்கு கீழே போயிற்று, தெற்கு மேலே வந்தது.

"இப்ப?"

பள்ளமாகக் கிடந்த வட்டம் என் கண் முன்னாலேயே எழும்பி நின்றது. அப்பம் ஒன்றைக் கவிழ்த்து வைத்ததுபோல ஒரு மேடு. கறுப்பாக இருந்தது தண்ணீர் அல்ல, மேட்டின் நிழல்.

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். மேடுதான்.

"எத்தினை?" என்று கேட்டேன்.

"அத நீங்கதான் சொல்லணும். எண்ணுறது உங்க டிபார்ட்மெண்டு."

எங்கள் வேலையைச் சொல்லிவிட்டு மிச்சத்தைச் சொல்கிறேன். ஆக்லாந்து நகர மையத்தில் ஆறு பேர் மட்டும் இருந்த ஒரு சிறிய வரைபட நிறுவனம் அது. பூமியின் மறுகோடியில், வடதுருவத்தை அண்டிக் கிடக்கும் மரமில்லாத சமவெளி ஒன்றின் ஏரிகளையும் ஆறுகளையும் படம் பார்த்து வரைந்து கொடுக்கும் ஒப்பந்தம் எங்களுக்குக் கிடைத்திருந்தது. அந்தச் சமவெளியில் நிலத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும், அவ்வளவு தண்ணீர். ஏரிகள் எல்லாம் ஒரே திசையில் நீண்டு கிடக்கும், பாயில் வரிசையாகப் படுத்த பிள்ளைகள் மாதிரி. ஆறுகள் ஓடுவதா நிற்பதா என்று தீர்மானிக்க முடியாமல் வளைந்து வளைந்து கிடக்கும். ஒரு கோடையில் கரை உடைந்து ஏரி வற்றிப்போகும்; அடுத்த வருடப் படத்தில் அந்த இடத்தில் சேறுதான் இருக்கும். அப்படி வற்றிய ஏரிகளின் நடுவில் சில இடங்களில் மண்ணுக்கு அடியில் பனிக்கட்டி வளர்ந்து தரையை மேலே தூக்கிவிடும். அந்த மேட்டுக்கு அங்குள்ளவர்கள் பிங்கோ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நாங்கள் குளம் என்று வரைந்து வைத்தவை அவைதான்.

பெரிய ஏரிகளைக் கணினியே வரைந்துவிடும். சின்னக் குளங்களும் ஓடைகளும் மனிதக் கண்ணுக்கு விடப்பட்டவை. அந்த வேலைக்குப் பொறுப்பு அவர். வரைந்ததை எண்ணி, விடுபட்டதையும் இரண்டுமுறை வந்ததையும் கண்டுபிடிப்பது என் வேலை. கொழும்பில் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் முப்பது வருடம் எண்ணிக்கை பார்த்துவிட்டு மகளோடு இருக்க வந்தவன் நான். இங்கே வந்தும் சும்மா இருக்க முடியாமல் வாரத்தில் நாலு நாள் இந்த வேலைக்குப் போனேன். படியேறினால் படியை எண்ணுவேன். அது வியாதி என்று மகள் சொல்கிறாள்.

அவருக்கு நாற்பது வயது இருக்கும். திருச்சிக்காரர். அடக்கமாகப் பேசத் தெரியாது. சிரித்தால் மின்தூக்கி வரைக்கும் கேட்கும். எதையும் திருப்பிப் பார்க்காமல் நம்பாத பிறவி. இதைக் கெட்டிக்காரத்தனம் என்று சொல்வதா தொல்லை என்று சொல்வதா என்பதில் எனக்கு இன்றுவரை ஒரு முடிவு இல்லை.

மத்தியான உணவைத் தயிர்ச்சோற்றில் தொடங்கி சாம்பார்ச் சோற்றில் முடிப்பார். "கடைசியா சாப்புடுறதுதானே சார் நாக்குல நிக்கும். தயிர் நின்னு என்ன பண்ணப் போகுது?" கூட்டங்களில் முதலாளி திரையில் காட்டுவதை எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது இவர் எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். பாபடோயிட்டோயில் அவர் வீட்டுக்கு அருகே இருந்த மரக்கறிக் கடையில் ஒருநாள் அவரோடு நின்றேன். கத்தரிக்காய்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காம்பைப் பார்க்காமல் அடியைப் பார்த்தார். கடைக்காரர் பிஜியில் பிறந்த இந்தியர். "மேடம் வந்துவிட்டால் என் கத்தரிக்காய்களுக்கு மயக்கம் வருகிறது" என்று ஆங்கிலத்தில் என்னிடம் முறையிட்டார். கடைக்காரர் சொன்னது எங்கள் எல்லோருக்கும் பொருந்தும். இவர் சரிபார்க்கக் கொடுத்த தாளைத் திருப்பிக் கொடுத்தால், நாம் திருத்தியதைப் பார்க்கமாட்டார். திருத்தாமல் விட்டதை முதலில் பார்ப்பார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமையைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் செவ்வாய்க்கிழமை அதிலிருந்துதான் வந்தது.

என் மகள் ஹில்ஸ்பரோவில் வீடு பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வீடு எனக்கு நன்றாகப் பிடித்திருந்தது. வரவேற்பறை பின்பக்கமாகத் தெற்கே பார்த்து, அகலமான கண்ணாடி, அதற்கு அப்பால் புல்வெளி. தெற்குப் பார்த்த அறை, காற்று வரும் என்று நான் சந்தோஷப்பட்டேன். அறுபது வயதுவரை யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் வெயிலுக்கு ஒளிந்து திரிந்தவனுக்கு வேறு எப்படி யோசனை போகும்? வந்து பாரும் என்று அவரையும் கூப்பிட்டிருந்தேன். வந்தவர் முன்வாசலில் நின்ற வீட்டு முகவருக்குத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு நேரே பின்பக்கம் போய்விட்டார்.

"எங்க அப்பா அவ?" என்று மகள் கேட்டாள்.

"பின்னாலை. அது அப்பிடித்தான்."

போய்ப் பார்த்தபோது துணி காயப்போடும் கம்பியைக் கையால் தடவிக்கொண்டிருந்தார்.

"பாசி புடிச்சிருக்கு சார். துணி காயற எடத்துல பாசி. உங்க ஹாலுக்கு ஆகஸ்ட் வரைக்கும் வெயிலே வராது. இந்த ஊர்ல சூரியன் வடக்கால நிக்குதுன்னு யாரும் உங்களுக்குச் சொல்லலையா?"

"சொன்னவைதான். ஆனால் முன்பக்கம் எவ்வளவு வடிவாய் இருக்கு."

"முன்னாடி எல்லாருந்தான் பெயிண்ட் அடிப்பாங்க."

மத்தியான வெயில். வீட்டின் நிழல் தெற்கே நீண்டு புல்வெளியில் பாதியை மூடியிருந்தது. அவர் அந்த நிழலின் விளிம்பில் போய் நின்றார். நின்றவர் அசையவில்லை. குளிர்கிறதாக்கும் என்று நினைத்தேன்.

"இங்க நெழல் தெக்கால விழுது" என்றார்.

"ஓம். நீர்தானே இப்ப சொன்னீர்."

"அங்க?"

"எங்க?"

"நம்ம சமவெளியில."

"அங்க வடக்காலை விழும். சூரியன் தெற்கையெல்லோ. வீடு பார்க்க வந்த இடத்தில கேக்கிற கேள்வியா இது?"

அவர் குனிந்து நிழலின் விளிம்பை இன்னொருமுறை பார்த்தார். அன்று அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. திங்கட்கிழமை முழுவதும் யாரோடும் கதைக்காமல் திரைக்கு முன்னால் இருந்தார்.

விஷயம் இதுதான். வெளிச்சம் மேலிருந்து வருகிறது என்றே நம் கண் எடுத்துக்கொள்ளும். நியூசிலாந்தில் சூரியன் வடக்கே நிற்பதால், வடக்கை மேலே வைத்த படத்தில் நிழல் கீழ்ப்பக்கம் விழும். மேடு மேடாகவே தெரியும். மூன்று வருடமாக இந்த ஊர்ப் பண்ணைகளின் வாய்க்கால்களையும் மலையோடைகளையும் வரைந்து வரைந்து எங்கள் கண்கள் அதற்குப் பழகிவிட்டன. அங்கேயோ நிழல் மேல்பக்கம் விழும். மேடு பள்ளமாகப் படும். நிறப்படம் கிடைத்த இடங்களில் தண்ணீரை நிறத்தாலேயே பிடித்துவிட்டோம். கிழக்குப் பகுதிக்கு மட்டும் கறுப்புவெள்ளைப் படம். செப்டெம்பரில், சூரியன் தாழ்ந்திருக்கும்போது எடுத்தது, நீண்ட நிழல்கள். நாங்கள் பார்த்து வரைந்தோம், எங்களை நம்பி முதலாளி ஏப்ரலில் வாடிக்கையாளரிடம் ஒப்படைத்தார்.

நான் எண்ணினேன். சந்தேகத்துக்குரிய குளங்கள் இருநூற்றுப் பதினாலு. அவற்றில் சிலவற்றிலிருந்து ஏரிக்கு ஓடையும் வரைந்திருந்தோம். மேட்டின் உச்சியில் ஊற்றெடுத்து ஓடை ஓடுகிறது.

"பகீரதன் கெட்டான் போங்க" என்று தலையில் அடித்துக்கொண்டு அவரே சிரித்தார். பிறகு நாற்காலியை என் பக்கம் திருப்பினார். "சார், இத முதலாளிகிட்ட சொல்லணும்."

எனக்கு அது நல்லதாகப் படவில்லை. காரணம் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவருடைய வேலை விசா இந்த நிறுவனத்தின் பெயரில் இருந்தது. நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பித்துவிட்டு முடிவுக்குக் காத்திருந்தார். முடிவு வரும்வரை இந்த வேலை கையில் இருக்க வேண்டும். விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கும் கணவருடைய விசாவும் இவருடையதைப் பிடித்துக்கொண்டு தொங்கியது. ஒப்பந்தத்தின் இரண்டாம் கட்டம் கிடைத்தால்தான் வேலை நிலைக்கும். ஒப்படைத்த தாள்களை வாடிக்கையாளர் ஏற்றுக்கொண்டால்தான் இரண்டாம் கட்டம்.

"பிள்ளை, விசரே உமக்கு?" என்றேன். "ஒருத்தரும் கண்டுபிடிக்கேல்லை. உம்மட வதிவிடம் வரட்டும். வந்தாப் பிறகு சொல்லும். குளம் எங்கயும் ஓடிப்போகாது."

"அது கொளமா இருந்தா ஓடாது."

"பகிடி விடாதேயும்."

"பகிடி இல்ல சார். குளிர்காலத்துல அந்தப் பக்கம் பயணம் போறவங்க பனிய ஒடச்சுத் தண்ணி எடுக்கறதுக்குத்தான் இந்தப் படத்தக் கேட்டாங்க. எங்க கொளம் இருக்குன்னு தெரியணும்னு. எவனாவது இத நம்பித் தண்ணி இருக்குன்னு அந்தக் குளிர்ல பொழுது சாயற நேரத்துல போய் நிப்பான். அங்க மேடு நிக்கும்."

"அந்த ஊர்ச் சனத்துக்குத் தங்கட நிலம் தெரியும்."

"அவங்களுக்குத் தெரியும். அதுக்கப்பறம் படம் யாருக்கு? தெரியாதவனுக்குத்தானே?"

நான் அன்று முழுவதும் விடவில்லை. மத்தியானமும் போய்ச் சொன்னேன், நாலு மணிக்கும் போய்ச் சொன்னேன். என் மகள் வயதில்லை என்றாலும் அவள் மேல் வரும் அதே பதற்றம் அவர் மேலும் எனக்கு வந்தது. வீட்டு வாடகையைச் சொன்னேன், கணவரைச் சொன்னேன். கடைசியில் அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"சார், நான் ரெண்டு பக்கமும் பாத்துட்டேன். உங்க பக்கத்துல வந்து உக்காந்தும் பாத்தேன். அங்கேர்ந்து பாத்தாலும் மேடு மேடாத்தான் தெரியுது."

மறுநாள் காலை முதலாளியின் அறைக்குப் போனார். தாள்களில் பதிந்திருந்தது அவருடைய பெயர் என்றாலும் எண்ணிக்கையைக் கேட்டால் சொல்வதற்காக என்னையும் கூட்டிப்போனார். முதலாளி கெட்ட மனிதர் அல்லர். திரையைத் திருப்பிக் காட்டியதும் தாமாகவே இரண்டு முறை திருப்பிப் பார்த்து, முகம் வெளுத்துப் போனார். பிறகு, இரண்டாம் கட்டம் வந்ததும் அதோடு சேர்த்து இதையும் சத்தமில்லாமல் திருத்திவிடலாமே என்று கேட்டார். அது நியாயமான வழியாகத்தான் எனக்குப் பட்டது. தலையை ஆட்டிவிட்டேன்கூட.

அவர் ஆட்டவில்லை. அதுவரைக்கும் படம் யார் கையில் இருக்கும் என்று கேட்டார். முதலாளி ஜன்னலைப் பார்த்தார். அன்று பின்னேரமே வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் போயிற்று, எங்கள் செலவிலேயே திருத்தித் தருகிறோம் என்று.

"உம்மட வீட்டுக்காரர் என்ன சொன்னவர்?" என்று அடுத்த நாள் கேட்டேன்.

"சாப்புட்டு எந்திரிச்சாரு. அப்பறம் மேலேர்ந்து சூட்கேஸ எறக்கி, வெறும் பெட்டி எத்தன கிலோன்னு எட போட்டுப் பாத்தாரு. அவருக்குத் தெரிஞ்சது அதுதானே சார்." சொல்லிவிட்டுச் சிரித்தார். மின்தூக்கி வரைக்கும் கேட்டிருக்காது.

ஜூன் முழுவதும் கிழக்குப் பகுதியைத் திருத்தினோம். ஆறு பேருடைய திரையிலும் வடக்கு கீழே இருந்தது. முதல் இரண்டு நாள் எனக்குத் தலைசுற்றியது. பிறகு கண் பழகிவிட்டது. ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். அந்தச் சமவெளியின் ஆறுகள் வடக்கே ஓடித்தான் கடலில் விழுகின்றன. வடக்கை மேலே வைத்து வரைந்தபோது அவை ஏதோ கஷ்டப்பட்டு மேலேறுவதுபோலவே எனக்குத் தோன்றும். படத்தைக் கவிழ்த்ததும் எல்லா ஆறும் இறங்கி வந்து எங்கள் காலடியில் கடலில் சேர்ந்தது.

கீழ்க் கடையிலிருந்து தேநீர் கொண்டுவந்த பையன் முதற்கொண்டு வந்து போனவர்கள் எல்லோரும் எங்களைக் கேலி செய்தார்கள். அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை. ஒவ்வொரு வட்டத்தையும் நேராக ஒருமுறை, கவிழ்த்து ஒருமுறை பார்த்தார். கவிழ்த்துப் பார்த்தால் போதாதா என்று நான் அவசரப்பட்டேன். அதற்கு அவர் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் இருநூற்றுப் பதினொன்றுதான் மேடு. மூன்று, எப்படித் திருப்பினாலும் பள்ளமாகவே கிடந்தன.

"மூணு நெஜக் கொளம் சார். அவசரத்துல அதையும் தூக்கி மேடாக்கியிருப்பீங்க."

திருத்திய தாள்கள் போயின. வாடிக்கையாளர் நன்றி எழுதினார். இவ்வளவு நேர்மையாக யாரும் தங்களுக்கு எழுதியதில்லை என்றும் எழுதினார். இரண்டாம் கட்டத்தை வேறு நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டார்.

ஜூலைக் கடைசியில் மூன்று வேலைகள் போயின. கூடிய சம்பளம் அவருடையது, ஆகவே முதலில் அது. என் வேலையும் போயிற்று, எனக்கு அது ஒன்றும் பெரிதில்லை. வதிவிட விண்ணப்பம் விழுந்துவிட்டது. வேறு வேலை தேடிப் பார்த்தார். விசாவில் பெயர் மாற்றிக் கொடுக்கக்கூடிய ஒரு இடம் குறித்த காலத்துக்குள் அகப்படவில்லை. நான் பத்துப் பன்னிரண்டு பேருக்குத் தொலைபேசி எடுத்தேன். கோயிலில் தெரிந்த ஒரு கணக்காளர், "அந்த மனுசி தன்ர வாயால கெட்டது" என்று சொன்னபோது, சரியாக அதையே மே மாதத்தில் அவரிடம் சொன்னவன் நான் என்பது மறந்து அந்தக் கணக்காளரோடு சண்டைக்குப் போனேன்.

ஓகஸ்ட் முடிவில் விமான நிலையத்துக்குப் போய் வழியனுப்பினேன். கணவர் பெட்டிகளைக் கச்சிதமாக இருபத்துமூன்று கிலோவுக்கு அடுக்கியிருந்தார். தூக்கிப் பார்த்தே சொல்லிவிட்டார். இவரோ ஒரு பெட்டியைக் கவிழ்த்துச் சில்லு இறுகியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"உம்மட மேலை எனக்குக் கோவம்தான்" என்றேன்.

"தெரியும் சார். மூஞ்சி நேரா இருக்கும்போதே தெரியுது, திருப்ப வேணாம்."

போன பிறகு இரண்டு மூன்று குரற்செய்தி அனுப்பினார். கடைசியாக வந்ததில், திருச்சிக்குப் பக்கத்தில் ஏரி வரைகிற வேலை ஒன்று கிடைத்திருப்பதாகச் சொன்னார். "பழைய மேப்புல ஏரி இருக்கு சார். நேர்ல போனா பிளாட்டு போட்டு வித்துட்டாங்க. இத எந்தப் பக்கம் திருப்பிப் பாக்கறதுன்னு தெரியல."

நாங்கள் ஹில்ஸ்பரோவில் வேறு வீடு வாங்கினோம். முன்பக்கம் அவ்வளவு வடிவில்லை. வரவேற்பறைக்கு வடக்கில் ஜன்னல். குளிர்காலத்திலும் பதினொரு மணிக்கு வெயில் வந்து என் முழங்கால் வரைக்கும் ஏறும். நான் வீட்டைப் பற்றி ஏதாவது முறைப்பாடு சொன்னால் மகள், "அப்பா, அவ சொல்லியிருக்காட்டி இப்ப நாங்கள் பாசி சுரண்டிக்கொண்டிருப்பம்" என்பாள். எனக்குத் தெரியாததா? ஆனால் அவருடைய வீட்டுக்கு வெயில் வர எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது?

இந்த வருடம் அந்தச் சமவெளியின் வரைபடம் அச்சாகி விற்பனைக்கு வந்தது. கிழக்குப் பகுதித் தாளை வரவழைத்தேன். வரைந்தவர் பெயர் எதுவும் அதில் இல்லை, எதிர்பார்க்கவும் இல்லை. உருப்பெருக்கியை வைத்துக்கொண்டு மேட்டுக் குறிகளை எண்ணினேன். இருநூற்றுப் பதினொன்று. நீல நிறத்தில் அந்த மூன்று குளங்களும் இருந்த இடத்திலேயே இருந்தன.

தாளைச் சுவரில் மாட்டச் சட்டம் போடக் கொடுத்திருந்தேன். கடைக்காரர் வேலையை முடித்துச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார். கொக்கி வடக்குப் பக்கத்தில் இருந்தது.

"மற்றப் பக்கம் போட வேண்டும்" என்றேன்.

"ஐயா, அப்படிப் போட்டால் எழுத்தெல்லாம் தலைகீழாக இருக்குமே."

"இருக்கட்டும்."

"வடக்கு கீழே வந்துவிடும்."

"ஓம், வரும். ஆறுகள் இறங்கி வர வேண்டுமே."

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார், தாளை ஒரு தடவை பார்த்தார். பிறகு குறடு ஒன்றை எடுத்துக் கொக்கியைக் கழற்றினார். சட்டத்துக்கு நூற்றுநாற்பது டொலர். கொக்கியை மாற்றிப் பூட்டியதற்குத் தனியாகப் பன்னிரண்டு.